வண்டிக்கு முன்னால் வேலி போடலாமா?

முலுண்ட் செக் நாக்கா என்றதும் நம் சங்கத்து மூத்த அன்பர்களுக்கு நினைவுக்கு வருவது லாரி வரிசைதான். பழைய ஆக்ரா ரோடு, இன்றைய எல்.பி.எஸ். மார்க், அதில் 'ஆக்ட்ராய்' கட்டுவதற்காக ராத்திரி முழுக்க நிற்கும் லாரிகள், நடுவே டீ விற்கும் பையன்கள், எப்போதும் ஒரு டீசல் வாடை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது ஆக்ட்ராய் ஒழிந்தது; வரிசையும் மறைந்தது. ஆனால் அந்த வரிசையை நம்பிப் பிழைத்த தொழில்கள் மறைந்துவிடவில்லை. பங்க்சர் கடை, பட்டை ஸ்பிரிங் அடிக்கும் பட்டறை, 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' எழுதும் பெயிண்டர், வெல்டிங் பட்டறை என்று நாக்காவைச் சுற்றிலும் அந்தப் பக்கம் தாணேயின் வாக்ளே எஸ்டேட் சந்துகளிலும் இன்றும் தீப்பொறி பறந்துகொண்டுதான் இருக்கிறது. வாக்ளே எஸ்டேட், எம்.ஐ.டி.சி. என்கிற மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962-ல் தோன்றியதும் அமைத்த முதல் தொழிற்பேட்டை. இங்கே கிடைக்காத வெல்டரும் இல்லை, லேத்தும் இல்லை.

இந்தப் பட்டறைகளில் இன்றைக்கும் அடிக்கடி கேட்கப்படும் வேலை ஒன்று உண்டு. டெம்போ, பிக்-அப் வண்டிகளின் முன்பக்கத்தில் இரும்புக் குழாயை வளைத்து, பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து மாட்டுவது. 'பம்பர் கார்டு' என்போம். சிலர் 'புல் பார்' என்பார்கள். செக் நாக்கா சிக்னலில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் எத்தனை வண்டி இப்படி வேலி போட்டுக்கொண்டு போகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

நான் முப்பத்திரண்டு வருடம் இரும்புக் கட்டுமானத் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் உறவிலும் கட்டடத்திலும் கேட் உடைந்தாலும், கிரில் துருப்பிடித்தாலும், ஊஞ்சல் கொக்கி கழன்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில்தான் என் தங்கை மகன் போன ஐப்பசியில் வந்து, "மாமா, வண்டிக்கு முன்னால ஸ்ட்ராங்கா ஒரு கார்டு போடணும். நீங்க கூட வந்து நின்னு பாத்துச் சொல்லணும்" என்றான்.

அவனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவன் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம். பையன் பிறந்து வளர்ந்தது இங்கே. வாழை இலை, தேங்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூசணிக்காய் எல்லாவற்றையும் வாஷி மார்க்கெட்டிலும் மாட்டுங்காவிலும் எடுத்து முலுண்ட், தாணே, டோம்பிவிலி வரை நம்மவர் மெஸ்களுக்கும் கல்யாண காண்ட்ராக்டர்களுக்கும் கொடுக்கிறான். சொந்த பிக்-அப் ஒன்று, மாதாமாதம் தவணை. விடிகாலை மூன்று மணிக்கு ஐரோலி பாலம் தாண்டிப் போனால் எட்டு மணிக்குத் திரும்புவான். வண்டி ஒரு நாள் படுத்தால் அன்றைக்கு யாரோ ஒரு வீட்டுக் கல்யாணப் பந்தியில் இலை இல்லை.

அவன் குறை நியாயமானது. மார்க்கெட்டில் சரக்கு ஏற்றவேண்டுமானால் வண்டியின் பின்பக்கத்தை மேடைப் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். மூக்கு பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். ரிவர்ஸ் எடுக்கும் பெரிய லாரிகள் வந்து இடித்துவிட்டு, "அரே பாய், லகா க்யா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும். ஒரே வருடத்தில் மூன்று தடவை. பம்பர், ஒரு பக்க விளக்கு, கிரில் எல்லாம் போயிற்று. குர்லா சி.எஸ்.டி. ரோடு ஸ்பேர் கடைகளில் வாங்கி, மாட்டி, பெயிண்ட் தொட்டு என்று தடவைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறையவில்லை. இன்சூரன்ஸில் கேட்கலாமே என்றால், இந்தச் சின்னத் தொகைக்குக் கேட்டு வருடக் கடைசியில் 'நோ க்ளெய்ம் போனஸ்' போய்விட்டால் அதுதான் பெரிய நஷ்டம். பட்டறையில் கேட்ட கூலி, சாமான், பெயிண்ட் உட்பட எட்டாயிரத்து ஐந்நூறு. ஒன்றேகால் வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். கணக்கில் பிழை இல்லை.

பட்டறைக்குப் போனோம். நடத்துகிறவர் நம் தென்பாண்டிச் சீமைக்காரர்தான். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கை சுத்தமான வேலைக்காரர் என்பதை அங்கே சாய்த்து வைத்திருந்த ஒரு கேட்டின் பற்றைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். பற்று என்றால் மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே சீராக ஓடியிருக்க வேண்டும். மேலே குமிழ் குமிழாக நின்றாலோ, ஓரத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ, பார்க்கத் தடியாக இருந்தாலும் உள்ளே பிடித்திருக்காது.

பம்பர் கார்டு எப்படிச் செய்கிறார்கள் என்பதை விவரமாகவே சொல்கிறேன். வேறு இரும்பு வேலைக்கும் உதவும். இரண்டு அங்குலக் குழாய், அதாவது நடுத்தரக் கனத்தில் 'பி கிளாஸ்', மீட்டருக்குச் சுமார் ஐந்து கிலோ வரும். குழாய் ஆறு மீட்டர் நீளத்தில் வருகிறது. புதுக் குழாய் வேண்டுமென்றால் களம்போலி இரும்புச் சந்தை. பழசு போதும் என்றால் ரே ரோடு பக்கம் தாருகானா. கப்பல் உடைக்கும் துறை அது. அங்கே கிடைக்கும் குழாய் எந்தக் கடலையெல்லாம் பார்த்ததோ! ஆனால் துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று மாலையே குளிர்காய்ச்சல்போல் உடம்பை உலுக்கும். பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில்தான் பற்றவைக்க வேண்டும். கேட், ஜன்னல் கம்பி எதற்கும் இது பொருந்தும்.

குழாயை மணல் அடைத்தோ வளைக்கும் மெஷினிலோ வளைப்பார்கள். வண்டியின் சேஸிஸ் என்பது ஏணி மாதிரி; இரண்டு நீளச் சட்டங்கள் முன்னால் கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொம்புகளில் எட்டு மில்லிமீட்டர் பிளேட்டை போல்ட்டால் இறுக்கி, பிளேட்டில் குழாய்ச் சட்டத்தைப் பற்றவைப்பது முறை. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். சில இடங்களில் சோம்பல்பட்டுச் சேஸிஸிலேயே நேராகப் பற்றவைத்துவிடுகிறார்கள். இது மகா தப்பு. சேஸிஸ் இரும்பு சாதாரண இரும்பு அல்ல. பற்றவைத்த இடத்தை ஒட்டி அதன் குணம் மாறி, பாரம் ஏறி இறங்கும் ஆட்டத்தில் பிற்பாடு அங்கேயே விரிசல் விடும். வண்டியில் எந்த வெல்டிங் செய்வதானாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரும், இந்தக் காலத்து வண்டிகளின் எலெக்ட்ரானிக் பெட்டியும் போய்விடும். குழாயின் வாயை மூடிப் பற்றவைக்க வேண்டும். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் விட வேண்டும். மும்பை மழையில் துளையில்லாத குழாய் உள்ளிருந்தே அரித்து இரண்டு வருடத்தில் சல்லடையாகிவிடும். பிறகு ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன் மேல் கறுப்பு.

அண்ணாச்சி இத்தனையும் அறிந்தவர். குழாய் வாங்கி வைத்தாயிற்று. தரையில் சாக்பீஸால் படமும் போட்டுவிட்டார். கீழே ஒரு படுக்கைக் குழாய், மேலே ஒன்று, நடுவில் இரண்டு நிற்குங்குழாய், ஓரத்தில் விளக்குக்கு வளையம். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

அங்கேதான் எனக்கும் மருமகனுக்கும் பேச்சு தொடங்கியது. "வேலை நல்லாத்தான் இருக்கும். ஆனா இது வண்டிக்கு வேணுமான்னு யோசி" என்றேன்.

"என்ன மாமா இப்படிச் சொல்லுதீய? இரும்பு போட்டா வண்டிக்கு நல்லதுதான?"

அவன் மட்டுமல்ல, நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு. அந்தக் காலத்து அம்பாசிடரையும் ஜீப்பையும் பார்த்து வளர்ந்த மனசு. இடித்தால் நசுங்கும் வண்டியைத் 'தகர டப்பா' என்று கேலி செய்கிறோம். ஆனால் நசுங்குவதற்காகவே முன்பக்கத்தைச் செய்ய வேண்டும் என்று ஒருவர் கண்டுபிடித்து எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன. மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியில் இருந்த பேலா பாரெனி என்ற என்ஜினியர் 1950-களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1959-ல் வெளிவந்த பென்ஸ் கார் அந்த முறையில் அமைந்தது. நடுவில் மனிதர் உட்காரும் கூடு கெட்டி. முன்னும் பின்னும் நசுங்கும் பகுதி. இதுதான் சூட்சுமம்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குப் பத்து மீட்டர். அந்த வண்டி ஒரு சுவரில் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெல்ட் போட்டிருப்பவர் மேல் விழும் விசை, சராசரியாக அவர் எடையைப் போல் சுமார் பத்து மடங்கு. அதே வண்டி நசுங்காமல் பத்து சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் ஐம்பது மடங்கு. அறுபது கிலோ ஆளுக்கு முதல் கணக்கில் அறுநூறு கிலோ, இரண்டாவதில் மூன்று டன். விலா எலும்பு எதைத் தாங்கும் என்று மருமகனிடம் கேட்டேன்.

ரயில் உதாரணமும் சொன்னேன். நம் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் இந்தத் தடத்தில்தான் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போயிற்று. ரயில் என்ஜின்களுக்கு முன்னால் மாடு குறுக்கிட்டால் ஒதுக்கித் தள்ள இரும்புக் கலப்பை மாதிரி ஒன்று வைக்கலாம் என்று 1830-களிலேயே யோசனை சொன்னவர், கம்ப்யூட்டரின் தந்தை என்று நாம் படிக்கும் சார்லஸ் பாபேஜ். அது இரும்பு யுகத்து யோசனை. 2022 அக்டோபர் 6-ஆம் தேதி என்ன நடந்தது? மும்பையிலிருந்து காந்திநகர் போகிற வந்தே பாரத் ரயில், ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், ஆமதாபாத் அருகே எருமைக் கூட்டத்தில் மோதியது. மூக்கு பிய்ந்து தொங்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. "பாத்தியா, பிளாஸ்டிக் ரயில்" என்று மாட்டுங்கா மார்க்கெட்டில்கூடச் சிரித்தார்கள். ஆனால் ரயில் சிறிது நேரத்தில் கிளம்பிப் போய்ச் சேர்ந்தது. மும்பை செண்ட்ரலில் புது மூக்கு மாட்டி மறுநாளே ஓட்டினார்கள். மறுநாள் ஆனந்த் பக்கத்தில் ஒரு பசு, மறுபடியும் மூக்கில் அடி! அந்த மூக்கு, அடியை வாங்கிக்கொண்டு உடைவதற்காகவே கண்ணாடி நாரில் செய்தது. உள்ளே இருக்கும் பெட்டிக்கும் கப்ளிங்குக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்பது கணக்கு. செய்தவர்கள் வேறு யாருமல்ல, நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.காரர்கள்.

மருமகன் லேசில் விடுகிற ஆள் இல்லை. "மாமா, ரயிலு, பென்ஸு எல்லாம் சரி. என் வண்டி பிக்-அப்பு. ஏர்பேக் பலூன்கூட கிடையாது. நசுங்கறதுக்கு முன்னால என்ன இருக்கு, ஒரு சாண் தகரம்" என்றான். பேச்சில் நியாயம் இருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன். ஏர்பேக் உள்ள கார்களில் பம்பர் கார்டு போட்டால், மோதலின் அதிர்ச்சியை வைத்து ஏர்பேக்கை விரிக்கும் சென்சாரின் கணக்கு தப்பிப்போகும். வேண்டாதபோது விரியலாம், வேண்டும்போது தாமதிக்கலாம். அந்த வாதம் இவன் வண்டிக்குப் பொருந்தாது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டில் 'பாரத் என்கேப்' என்று கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அதிலும் சரக்கு வண்டிகளுக்கு இடமில்லை. சரக்கு வண்டி ஓட்டுகிறவன் உயிர் மட்டும் மலிவா என்று எனக்கு அதில் வருத்தம் உண்டு. அது வேறு கட்டுரை.

ஆனாலும் இரண்டு விஷயம் மிச்சமிருந்தது. ஒன்று, சேஸிஸ். கார்டு சும்மா அந்தரத்தில் நிற்பதில்லை; இரண்டு கொம்பில்தான் நிற்கிறது. லாரி வந்து இடித்தால் முன்பு பம்பர் உடைந்து விஷயம் அங்கேயே தீர்ந்தது. இனி அந்த அடி நேராகக் கொம்புக்குப் போகும். கொம்பு கோணினால் வீல் அலைன்மென்ட் போகும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பம்பரை மிச்சம் பிடித்து, சேஸிஸை நிமிர்த்தக் கொடுப்பது எந்த ஊர் வியாபாரம்? அண்ணாச்சியே இதற்குத் தலையாட்டினார். "அதுவும் நெசந்தான். கோணின சேஸிஸு ரெண்டு மூணு என் கைக்கே வந்திருக்கு" என்றார். தன் வருமானத்துக்கு எதிராக உண்மை பேசிய அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது விஷயத்தை வாயால் சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் டேப் வாங்கி, தரையிலிருந்து அளந்து காட்டினேன். கீழ்க்குழாய் வரும் உயரம் 55 சென்டிமீட்டர். மேல்குழாய் 104 சென்டிமீட்டர். "உன் மகள் உயரம் என்னலே?" என்று கேட்டேன். அவள் அப்போது சீனியர் கே.ஜி. போன மாதம்தான் பள்ளிக்கூடத்தில் அளந்து ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள். 107 சென்டிமீட்டர். அவன் பதில் சொல்லாமல் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்கள் கட்டடத்தில் வண்டிகள் நிற்கும் இடமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் ஒன்றுதான். முலுண்டில் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. பெரிய ஆளை ஒரு கார் இடித்தால் அடி முதலில் காலில் விழும். ஆள் பானெட்டின் மேல் சரிவான். பானெட் தகடு நசுங்கிக் கொஞ்சம் தாங்கும். பிக்-அப் போன்ற செங்குத்தான முகத்தில் அதுவும் குறைவு. அதன் முன்னால் இரும்புக் குழாயும் வந்தால், பெரியவருக்கு இடுப்பிலும், சின்னப் பிள்ளைக்கு நெஞ்சிலும் தலையிலும், இரண்டு அங்குல அகலத்தில் மொத்த விசையும் இறங்கும். வேகம்கூட வேண்டாம், ரிவர்ஸிலிருந்து முன்னுக்கு எடுக்கும் வேகம் போதும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்துபோனவர்கள் 32,825 பேர். இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். ஆக, பெரிய வண்டியின் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்பது உள்ளே இருப்பவரின் சொந்த விஷயம் மட்டும் அல்ல. ஐரோப்பிய நாடுகள் இதனால்தான் 2005-ல் சட்டம் கொண்டுவந்து, பாதசாரி சோதனையில் தேறாத கெட்டி இரும்புக் கார்டுகளை ஒழித்தன. ஆஸ்திரேலியாவில் இன்றும் போடுகிறார்கள். அங்கே ராத்திரியில் ஆளில்லாத சாலையில் கங்காரு குறுக்கே பாயும். மோதி ரேடியேட்டர் உடைந்தால் அடுத்த ஊர் இருநூறு கிலோமீட்டர். நமக்கு முலுண்டில் கங்காரு கிடையாது. நேஷனல் பார்க்கிலிருந்து எப்போதாவது சிறுத்தை வரும். அது வண்டிக்கு முன்னால் நிற்கிற ஜாதி இல்லை.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாகச் செய்யக்கூடாது என்கிறது. பம்பர் கார்டு அதற்கு விரோதம், பாதசாரிக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்று குறிப்பிட்டு, கடுமையாக நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே வருடம் திருத்திய சட்டத்தில் 182-ஏ என்ற பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டி உரிமையாளருக்குத்தான் தண்டனை என்பதைக் கவனிக்க வேண்டும். "எல்லாரும்தான போட்டுக்கிட்டு ஓட்டுதான்" என்பது போலீஸ்காரரிடம் எடுபடாது.

சரக்கு வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருடா வருடம், ஃபிட்னஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். முலுண்ட் வண்டிகள் எம்.எச். 03, வடாலா ஆர்.டி.ஓ. அங்கே போவதற்கு முதல் நாள் கார்டைக் கழற்றுவதும் வந்த மறுநாள் மாட்டுவதுமாகப் பல பேர் பிழைப்பு நடத்துகிறார்கள். விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது, வண்டியில் சொல்லாமல் செய்த மாற்றம் ஏதாவது உண்டா என்பதைத்தான். முழு க்ளெய்மும் இழுபறியில் மாட்டினால் தவணையை யார் கட்டுவது?

இத்தனை சட்டம் பேசியும் அவன் அசைந்தது அந்த டேப்புக்குத்தான் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பட்டறை வாசலில் நின்று பீடிக்காரப் பையன் ஒருவன் குழாய் அறுப்பதைப் பார்த்தான். பிறகு, "அண்ணாச்சி, கார்டு வேண்டாம். குழாயி வாங்கியாச்சே, அத என்ன செய்ய?" என்றான்.

வாங்கிய குழாய் வீணாகவில்லை. அவன் குடோனில் வாழை இலைக் கட்டுகளைத் தரையிலேயே அடுக்கி வைப்பான். மழைக்காலத்தில் அடிக்கட்டு அழுகிப்போகும். அதே குழாயில் மூன்று தட்டு ஸ்டாண்டு ஒன்று செய்து தரச் சொன்னேன். அண்ணாச்சி கூலியில் ஆயிரம் குறைத்துக்கொண்டு இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். பற்று எல்லாம் மீன் செதில்தான். இந்த ஆடியில் ஒரு கட்டுகூட அழுகவில்லை என்று தங்கை சொன்னாள்.

மார்க்கெட் இடிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அது நிற்கும்போது வருகிற அடி, ஓடும்போது அல்ல. பாவூச்சா தக்காவில் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றோடொன்று உரசாமலிருக்கப் பக்கவாட்டில் பழைய டயரைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். அதே வைத்தியம். இரண்டு பழைய ஸ்கூட்டர் டயரைக் கயிற்றில் கட்டி, மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தியதும் முன்னால் மாட்டிவிடுகிறான். கிளம்பும்போது கழற்றிப் பின்னால் போட்டுக்கொள்கிறான். செலவு, பங்க்சர் கடைக்காரருக்கு ஐம்பது ரூபாயும் ஒரு டீயும். வண்டியில் எதுவும் மாற்றவில்லை என்பதால் ஆர்.டி.ஓ.வுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இது பெரிய இடியைத் தாங்காது, மெதுவாக ரிவர்ஸ் வரும் லாரி உரசலுக்குப் போதும். இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவை விளக்குக் கண்ணாடி மட்டும் உடைந்தது.

போன வாரம் டயர் இரண்டையும் யாரோ மார்க்கெட்டிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். "இதையும் திருடுவானுவளா மாமா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். வேறு இரண்டு கட்டியாயிற்று.